கடற்கரை ஊரில் மெக்கானிக்கல் வாட்ச்: வீட்டிலேயே சர்வீஸ், வீட்டிலேயே மாற்றம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ சாயங்காலம் ஒரு மணி நேரம் காற்று வாங்கிவிட்டு வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். துணியில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அது உப்பு. அதே உப்புதான் வாட்சின் பின்மூடி விளிம்பிலும் சாவி கொடுக்கும் திருகான க்ரௌனுக்கு அடியிலும் ஸ்ட்ராப் கம்பி நுழைகிற ஓட்டையிலும் போய் உட்கார்கிறது. மெஷினை சர்வீஸ் செய்ய சுமார் 10 ஆண்டு இடைவெளி போதும் என்கிறது ரோலக்ஸ். அது ஆயிலுக்கான கணக்கு. தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையமான கேஸ்கெட்டுக்கு அந்தக் கணக்கு ஓடாது. புதுச்சேரியிலும் கடலூரிலும் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால், கேஸ்கெட்டையும் க்ரௌனையும் சோதிக்க வேண்டும். வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வேலையும் அதுதான். மெஷினைப் பிரிப்பது அதற்குப் பிறகு.

எந்த வாட்சில் கை வைக்கலாம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வாட்சைத் திறக்காதீர்கள். ரோலக்ஸ் தன் பாகங்களைத் தனி ஆளுக்கு விற்பதில்லை. அதனால் 3135 போன்ற ஒரு மெஷினில் ஒரு சின்ன ஸ்பிரிங் பறந்து தொலைந்தால், வாட்ச் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வீல்களை டிக் டிக்கென்று விட்டு விட்டு ஓடவைக்கும் பகுதிதான் எஸ்கேப்மென்ட். ஒமேகாவின் கோ-ஆக்ஸியல் எஸ்கேப்மென்டுக்கு ஆயில் வைக்கும் முறையே வேறு, வழக்கமான படிப்பு அங்கே செல்லாது. வீட்டு மேஜைக்கு ஏற்றது சுவிஸ் மெஷினான ஈடிஏ 2824-2, அதே அளவில் வரும் செலிட்டா எஸ்டபிள்யூ200 இரண்டும்தான். டாக் ஹாயரின் காலிபர் 5, ஓரிஸ் 733, 2012இல் வந்த முதல் டியூடர் பிளாக் பே எல்லாம் இந்தக் குடும்பத்தில்தான் வரும். பாகம் கிடைக்கும், படம் கிடைக்கும், தவறு செய்தாலும் மீளலாம்.

ஆனால் முதல் தடவையே அதைப் பிரிக்காதீர்கள். நம்மிடம் அருமையான பயிற்சி வாட்ச் இருக்கிறது: எச்எம்டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. ஜனதா, பைலட் போன்ற மாடல்களில் உராய்வைக் குறைக்கும் 17 கல், கையால் சாவி கொடுக்கும் மெஷின், மணிக்கு 18,000 துடிப்பு. பாகங்கள் பெரிதாக இருக்கும், எண்ணிக்கையும் குறைவு. ஒரே எச்எம்டியை ஐந்து முறை பிரித்து, ஐந்து முறையும் ஓடும்படி மாட்டிய பிறகு சுவிஸ் வாட்சைத் தொடுங்கள். பழைய வாட்ச் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: 1960களுக்கு முந்தைய வாட்சுகளில் இருட்டில் ஒளிரும் முள்ளும் டயலும் ரேடியம் பூசியவையாக இருக்கலாம். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. அப்படிப்பட்டதைத் திறக்கவே வேண்டாம்.

அறை, மேஜை, காற்று

ஏசி அறையில்தான் வாட்சை மூட வேண்டும். இது சொகுசுக்காகச் சொல்வதில்லை. 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் பின்மூடியை மூடினால், உள்ளே அடைபடும் காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனிக்கத் தொடங்கும். அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு 24 டிகிரி ஏசி அறைக்குள் போனால் கண்ணாடியின் உள்பக்கம் மூடுபனி. கேஸ்கெட் நன்றாகவே இருக்கும், தண்ணீர் வெளியிலிருந்து வந்ததாக நினைத்துக் குழம்புவோம். அதே வாட்சை 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் மூடினால் 13 டிகிரிக்குக் கீழே போகும்வரை பனிக்காது. ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மின்விசிறி ஓடினால் தூசு மட்டுமில்லை, பாகமே பறக்கும்.

மேஜை நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். சாதாரண மேஜையென்றால் நாற்காலியைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், முழங்கை இரண்டும் மேஜையில் ஊன்றியிருக்க வேண்டும். வெள்ளைத் தாள் விரித்து, மேஜை விளிம்பிலிருந்து மடி வரைக்கும் ஒரு வேட்டியையோ துண்டையோ கட்டித் தொங்கவிடுங்கள். விழுகிற பாகத்தில் பாதி அதில் கிடைக்கும். தரை மொசைக் என்றால் பொடி ஸ்க்ரூ அதில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரே நிறத்தில் ஒரு விரிப்பைப் போட்டுக்கொள்வது நல்லது.

கருவியில் காசைச் சேமிக்கக் கூடாத இடங்கள் மூன்று: டிரைவர், ட்வீசர், கண்ணில் மாட்டும் லென்ஸ். டிரைவர் 0.8, 1.0, 1.2, 1.6 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். முனையின் அகலம் ஸ்க்ரூவின் காடி அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். மெல்லிய முனை போட்டால் நழுவி, வீல்களைத் தாங்கும் தகடான பிரிட்ஜில் கீறல் விழும், அந்தக் கீறலை எதுவும் மறைக்காது. எண்ணெய்க் கல்லில் முனையைத் தட்டையாகத் தீட்டிக்கொள்ளப் பழகுங்கள். புது டிரைவரைக்கூட அப்படியே பயன்படுத்த வேண்டியதில்லை. ட்வீசரில் பொதுவேலைக்கு 3 எண், முடி மாதிரி மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்குக்கு மட்டும் 5 எண். விரல் உறை கட்டாயம். நம் ஊர் வியர்வையில் ஒரு விரல் ரேகை இரும்பு வீலில் பட்டால், நாள் போகப் போக அந்த ரேகையின் கோடு கோடாகவே துரு தெரியும்.

வெளிப்பக்கம் முதலில்

மெஷினைத் திறப்பதற்கு முன் கேஸைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பின்மூடியைத் திருப்பும்போதே மரையில் இருக்கும் உப்புத் தூளும் அழுக்கும் உள்ளே கொட்டும். க்ரௌன் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மிருதுவான பல் துலக்கும் பிரஷ். தண்ணீர் தாங்கும் திறனில் சந்தேகம் இருந்தால் வாட்சைத் தண்ணீரில் வைக்காமல் ஈரப் பிரஷால் மட்டும் தேய்த்துத் துடையுங்கள். உலோகச் சங்கிலியைக் கழற்றித் தனியாக ஊறவையுங்கள். கண்ணிகளுக்கு நடுவிலிருந்து கறுப்பாக ஒரு பசை வரும். வியர்வை, உப்பு, இரும்பு தேய்ந்த பொடி மூன்றும் சேர்ந்தது அது. அதுவே உரசி உரசித்தான் சங்கிலி தளர்கிறது.

பின்மூடியைத் திறந்ததும் பழைய கேஸ்கெட்டை எடுத்துப் பாருங்கள். நல்ல வளையம் உருண்டையாக இருக்கும், இழுத்தால் திரும்பி வரும். கெட்டது ஒரு பக்கம் தட்டையாகி, வளைத்தால் வெடிப்புத் தெரியும். மிகப் பழையதென்றால் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள், உலோகத்தால் வேண்டாம். புதியது வாங்க உள்விட்டமும் தடிமனும் வேண்டும். பழைய கேஸ்கெட்டை அளக்காதீர்கள், அது நீண்டிருக்கும். கேஸில் இருக்கும் பள்ளத்தை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். போடும்போது சிலிக்கான் கிரீஸ் லேசாக மினுமினுக்கும் அளவுக்கு மட்டும். அப்பிப் பூசினால் நீர் புகாது என்று எண்ணிப் பூசுவார்கள். அது தூசைப் பிடித்து வைத்துக்கொண்டு கேஸ்கெட்டைப் பள்ளத்திலிருந்து நழுவவிடும்.

இன்னொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். கேஸ்கெட் உட்காரும் பள்ளத்தின் அடியில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா? 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். திறந்த பரப்பில் அது உண்மை. காற்றுப் புகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கி நின்றால், அங்கே அதைக் காக்கும் மெல்லிய படலம் உடைந்து குழி விழும். கடலோரத்தில் அணியும் வாட்சில் இந்தக் குழிகளை எதிர்பார்த்தே திறக்க வேண்டும். ஆழமான குழி என்றால் எந்தப் புது கேஸ்கெட்டும் அடைக்காது. லேசர் வெல்டிங் செய்து கடைந்து தர ஆள் வேண்டும், வீட்டில் முடியாது.

க்ரௌனுக்குள் இருக்கும் கேஸ்கெட்டைத் தனியாக மாற்ற முயலாதீர்கள். பெரும்பாலும் க்ரௌனையே மாற்றுவதுதான் சுருக்கமான வழி. க்ரௌனை மெஷினோடு இணைக்கும் தண்டுதான் ஸ்டெம். 2824 ஸ்டெம்மின் மரை 0.90 மில்லிமீட்டர், விற்பவர்களிடம் 'டேப் 10' என்று சொன்னால் புரியும்.

மெஷின்

இனி 2824-2. அகலம் 25.6 மில்லிமீட்டர், உயரம் 4.6, 25 கல், மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு 8.

பிரிப்பதற்கு முன்பே, டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் வைத்துப் பாருங்கள். சர்வீஸ் தேவைதானா என்பதையே அது சொல்லிவிடும். லிஃப்ட் ஆங்கிள் 50 என்று அமைக்க வேண்டும், அது தவறினால் ஆம்ப்ளிட்யூட், அதாவது முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலின் ஆட்டக் கோணம், கணக்கே தவறும். முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்த்தபடி 270இலிருந்து 310 டிகிரி இருந்தால் மெஷின் ஆரோக்கியம். நிமிர்த்தி வைக்கும்போது 20இலிருந்து 40 டிகிரி இறங்குவது இயல்பு. 220க்குக் கீழே வந்துவிட்டால் ஆயில் காய்ந்திருக்கிறது. வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்குச் சில நிமிடம் முந்தி ஓடினால் பிரிக்காதீர்கள், அது காந்தம். ஸ்பீக்கர், கைபேசி உறையின் காந்தப் பூட்டு, ஏதோ ஒன்று ஹேர் ஸ்பிரிங்கைக் காந்தமாக்கிச் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தம் நீக்கும் பெட்டியின் மேல் வைத்து, பொத்தானை அழுத்தியபடியே வாட்சை மெதுவாக ஓரடிக்கும் அப்பால் கொண்டுபோய், பிறகு பொத்தானை விடுங்கள். பக்கத்திலேயே விட்டால் மேலும் காந்தமாகும்.

ஸ்டெம்மை உருவும்போது அழுத்த வேண்டிய குழி ஸ்டெம்முக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டெம் விடுபடும் அளவுக்கு மட்டும் மெல்ல அழுத்துங்கள். ஆழமாக அழுத்தினால் செட்டிங் லீவர் தன் இடத்திலிருந்து எகிறிவிடும். பிறகு ஸ்டெம்மைத் திரும்பச் செருகினால் நிற்காது. டயலையும் முள்ளையும் கழற்றித்தான் அதைச் சரிசெய்ய முடியும். இந்த மெஷினில் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

முள்ளை எடுக்க, மூன்றையும் 12 மணியில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள். மெல்லிய பாலிதீன் கவரில் ஒரு துண்டு வெட்டி டயல் மேல் போட்டு, அதன் மேல் நெம்புகோல் இரண்டையும் வைத்துச் சமமாக நெம்புங்கள். பறக்கும் முள்ளையும் அந்த கவரே பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்குவது. ரோட்டரையும் ஆட்டோமேட்டிக் பிரிட்ஜையும் எடுத்துவிட்டு, ஸ்டெம்மைச் செருகி க்ரௌனைக் கையில் பிடித்தபடி, ஸ்பிரிங் அவிழாமல் பிடிக்கும் கொக்கியான க்ளிக்கை ஒதுக்கி, க்ரௌன் விரலுக்குள் மெல்லத் திரும்பும்படி விடுங்கள். இதைச் செய்யாமல், எஸ்கேப் வீலைப் பல் பல்லாக நிறுத்தி விடும் பல்லட் ஃபோர்க்கை எடுத்தால் அத்தனை விசையும் ஒரே நொடியில் வீல்களைச் சுழற்றும். பல் உடையும், வீல் தண்டின் முனையான பிவட் வளையும். பேலன்ஸை எடுப்பதற்கு முன் விசை இறங்கியதா என்று இரண்டு முறை பார்ப்பது என் பழக்கம், உங்களுக்கும் அது ஆகட்டும்.

பேலன்ஸைத் தாங்கும் பிரிட்ஜான பேலன்ஸ் காக்கைத் தூக்கும்போது வீல் ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கியபடி வரும். அந்தக் கணத்தை நிதானமாகப் பாருங்கள்: ஊஞ்சல் மாதிரி லேசாக ஆடும், சுருள் மேலிருந்து கீழே கூம்பாக விரியும். வேகமாக இழுத்தால் ரோலர் கல் பல்லட் ஃபோர்க்கில் சிக்கி ஸ்பிரிங் நீண்டுவிடும். நீண்ட ஹேர் ஸ்பிரிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது தனிக் கலை, பழகாதவர்கள் முழு பேலன்ஸையும் வாங்க வேண்டியதுதான். மெஷின் பிடியைச் சாய்த்து வீல் விடுபட்டதும், காக்கைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, வீலை அதன் மேல் இறக்கிவிடுங்கள்.

மீதி எல்லாம் வரிசையாக வரும்: பல்லட் பிரிட்ஜ், ராட்செட் வீல், பேரல் பிரிட்ஜ், வீல் வரிசையைத் தாங்கும் ட்ரெயின் பிரிட்ஜ், வீல்கள், மெயின் ஸ்பிரிங் அடங்கிய பேரல். ஒவ்வோர் அடியிலும் கைபேசியில் படம் எடுங்கள். ஸ்க்ரூக்களை அது பிடித்த பாகத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும், பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் வேறு. டயல் பக்கத்தில் தேதித் தட்டுக்கு மேல் இருக்கும் தகட்டைக் கழற்றும்போது, தேதியைத் தாங்கும் ஸ்பிரிங் எகிறும். மெல்லிய பாலிதீன் பைக்குள் மெஷினை வைத்து, பைக்குள்ளேயே அதை விடுவியுங்கள்.

கழுவுவதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல். புதுச்சேரி நேரு வீதியிலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் வாட்ச் ரிப்பேருக்கு உட்காரும் பழைய கைகள் ஒயிட் பெட்ரோலில் கழுவிப் பிரஷ் போடுவார்கள், அனுபவத்தால் அவர்களுக்கு அது வேலை செய்கிறது. வீட்டில் செய்பவருக்கு வாட்சுக்கென்று வரும் கழுவுநீர் ஒரு முறை, பிறகு அலசும் திரவம் இரண்டு முறை என்பதே நல்லது. பலர் கடைசி அலசலுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பயன்படுத்துகிறார்கள். அது ஆவியாகும்போது உலோகத்தைச் சட்டென்று குளிர்விக்கும். ஈரக்காற்றில் அந்தக் குளிர்ந்த இரும்பின் மேல் உடனே பனி படியும், கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் வீலின் சிறு பல்சக்கரமான பினியனில் செம்பழுப்புப் புள்ளியாகத் தெரியும். ஆகவே ஆல்கஹாலிலிருந்து எடுத்த கூடையை அப்படியே வைத்துவிடாமல், ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். இன்னொரு விதி: பல்லட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் ஊறப் போடாதீர்கள். அதிலுள்ள கற்கள் அரக்கால் ஒட்டப்பட்டவை, ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். அவற்றுக்கு லைட்டருக்கு ஊற்றும் நாப்தாவில் சில நொடி முக்கல் போதும்.

கழுவியதும் கல் துளை ஒவ்வொன்றிலும் கூராகச் சீவிய பெக்வுட் குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். குச்சி நுனி கறுத்து வரும், திரும்பச் சீவி மீண்டும் விடுங்கள். நுனி வெள்ளையாக வரும்வரை நிறுத்தக் கூடாது. இதைச் செய்யாமல் புது ஆயிலை வைத்தால் காய்ந்த பழைய ஆயிலோடு கலந்து கூழாகிவிடும்.

ஆயில்

சர்வீஸ் என்பதில் பாதி இதுதான். அளவு தவறினால் மற்ற எல்லா உழைப்பும் வீண். மோபியஸ் கம்பெனி ஆயில்களில் 9010 மெல்லியது, வேகமாக ஓடும் பிவட்டுகளுக்கு. எச்பி1300 கெட்டியானது, மெதுவாகவும் அழுத்தமாகவும் திரும்பும் இடங்களுக்கு: பேரல் ஆர்பர், சென்டர் வீல், கேனன் பினியன். இரும்பும் இரும்பும் உரசும் சாவிப் பகுதிக்கு 9504 கிரீஸ். பல்லட் கல்லுக்கு 9415. ஆட்டோமேட்டிக் பேரலின் உட்சுவருக்கு 8217, நான்கு சின்னப் புள்ளிகள் மட்டும். இந்த மெஷினில் மெயின் ஸ்பிரிங் முழுதாக இறுகியதும் சுவரில் வழுக்கிச் செல்ல வேண்டும். கிரீஸ் குறைந்தால் சீக்கிரமே வழுக்கி, 38 மணி நேரம் ஓட வேண்டியது 25இல் நின்றுவிடும். மெயின் ஸ்பிரிங்கைக் கையால் சுருட்டி அடைத்தால் தட்டையாக இருக்காது, கூம்பாகி மூடியை உரசும். பேரலை முழுதாகவே புதியதாக வாங்குவது வீட்டுக்காரருக்கு நல்லது.

கல்லின் குழியில் 9010ஐ வைக்கும்போது லென்ஸில் பாருங்கள். பிவட்டைச் சுற்றி ஒரு பளபளப்பான வளையம் தெரியும். குழியில் பாதி நிரம்பினால் போதும். குழி வழிந்தால் பரப்பு இழுவிசை உடைந்து, ஆயில் முழுவதும் பிரிட்ஜின் மேல் பரவிவிடும், பிவட் வறண்டு நிற்கும். அதிகம் வைத்த ஆயிலால்தான் வறட்சி வருகிறது என்பதைப் புதியவர்கள் நம்பவே மாட்டார்கள். அப்படி வழிந்தால் துடைத்துச் சமாளிக்காமல் அந்தப் பாகத்தைத் திரும்பக் கழுவுங்கள். பேலன்ஸின் மூடுகல்லில் தட்டையான பக்கம் ஒரே சொட்டு, கல்லின் விட்டத்தில் பாதிக்குச் சற்று மேல்.

பல்லட் ஃபோர்க்கின் பிவட்டுகளுக்கு ஆயில் கிடையாது. அது முன்னும் பின்னும் சின்னதாக ஆடுகிற பாகம், ஆயிலின் இழுவையே அதைத் தடுக்கும். பல்லட் கல்லுக்கு 9415ஐ எஸ்கேப் வீல் பல் தொடும் முகத்தில் ஒரு துளி வைத்து, ஃபோர்க்கை அசைத்து நாலைந்து பல் கடந்ததும் இன்னொரு துளி. இப்படி வீல் ஒரு சுற்று வரும்வரை.

ட்ரெயின் பிரிட்ஜை மாட்டும்போது ஸ்க்ரூவை இறுக்கி வீல்களை இடத்தில் உட்காரவைக்கப் பார்க்காதீர்கள். பிரிட்ஜை விரலால் தாங்கியபடி ஒவ்வொரு பிவட்டும் தன் கல்லுக்குள் இறங்கியதைப் பார்த்த பிறகே ஸ்க்ரூ. பல்லட் ஃபோர்க் போடுவதற்கு முன் ராட்செட் வீலை ஒரு பல் மட்டும் திருப்பிப் பாருங்கள். எல்லா வீலும் சிரமமில்லாமல் சுழன்று, நிற்கும் நேரத்தில் எஸ்கேப் வீல் கொஞ்சம் பின்னோக்கித் திரும்பினால் ட்ரெயின் சுத்தம். பட்டென்று நின்றால் எங்கோ ஒரு நார் இருக்கிறது, தேடுங்கள்.

பேலன்ஸைப் போட்டதும் உயிர் வருவது தெரியும். ஒரு நாள் ஓடவிட்டு டைம்கிராஃபரில் வையுங்கள். பேலன்ஸ் காக்கில் இரண்டு கைகள் உண்டு. ஹேர் ஸ்பிரிங்கின் முனையைப் பிடித்திருப்பது ஸ்டட் கேரியர், அது பீட் எரருக்கு, அதாவது டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள நேர வித்தியாசத்துக்கு. 0.5 மில்லி செகண்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள். மற்றது ரெகுலேட்டர், அது வேகத்துக்கு. இரண்டையும் மாற்றி நகர்த்துபவர்கள் நிறைய. பீட் எரரை முதலில் சரிசெய்துவிட்டு வேகத்துக்கு வாருங்கள், முன்னதை நகர்த்தினால் பின்னதும் மாறும். டயல் மேல், டயல் கீழ், க்ரௌன் மேல், க்ரௌன் கீழ், க்ரௌன் இடது என்று ஐந்து நிலையிலும் அளந்து எழுதுங்கள். வாட்சின் துல்லியத்தைச் சோதிக்கும் சுவிட்சர்லாந்தின் சிஓஎஸ்சி அமைப்பின் சான்றிதழுக்கே சராசரி நாளொன்றுக்கு -4 முதல் +6 நொடிதான் எல்லை. வீட்டில் செய்த 2824 கையில் கட்டி +5க்குள் ஓடினால் வேலை நன்றாக முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மாற்றங்கள்

என் கருத்து ஒன்றுதான்: திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். கழற்றிய பாகத்தை மாடல் எண், தேதி எழுதிய பையில் போட்டு வையுங்கள். டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதும், கேஸின் கொம்புகளைப் பாலிஷ் போட்டு மழுக்குவதும் திரும்ப முடியாதவை. விற்கும்போது விலையை இறக்குபவையும் அவைதான்.

முள் மாற்றுகிறவர்கள் துளை அளவு பார்க்க வேண்டும். 2824க்கு மணி முள் 1.50, நிமிட முள் 0.90, நொடி முள் 0.25 மில்லிமீட்டர். சீகோவின் என்எச்35 மெஷினுக்கும் முதல் இரண்டும் அதேதான், ஆனால் நொடி முள் 0.20. என்எச்35க்கென்று வாங்கிய நொடி முள்ளை 2824இல் அழுத்தினால் மெல்லிய தண்டு வளையும். டயல் கால்கள் நிற்கும் இடமும் இரண்டு மெஷினிலும் வேறு. முள் பொருத்தும்போது தேதி மாறும் அந்த நொடியில் நிறுத்தி, மூன்றையும் 12இல் வையுங்கள். அழுத்துகிற தண்டு செங்குத்தாக இறங்க வேண்டும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். 12 மணி நேரமும் சுற்றிப் பார்த்து எங்கும் உரசவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

செலவே இல்லாமல் அழகு தரும் மாற்றம், ஸ்க்ரூக்களை நெருப்பில் நீலமாக்குவது. கார்பன் ஸ்டீல் ஸ்க்ரூ மட்டுமே நீலமாகும், ஸ்டெயின்லெஸ் ஆகாது, நிக்கல் முலாம் இருந்தால் அதை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும். தலையைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றி, நாப்தாவில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பித்தளைப் பொடி நிரப்பிய சின்னத் தட்டில் தலை மட்டும் வெளியே தெரியச் செருகுங்கள். கீழே ஸ்பிரிட் விளக்கு. முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு பழுப்பு, பிறகு கத்திரிப்பூ ஊதா, அதற்குப் பிறகு சில நொடியில் 290, 300 டிகிரி வாக்கில் ஆழ்ந்த நீலம். ஊதா முழுக்க மறைவதற்கு முன்பே ட்வீசரால் எடுங்கள், எடுத்த பிறகும் சூடு கொஞ்சம் நகரும். தாமதித்தால் வெளிறிச் சாம்பல் ஆகிவிடும், திரும்ப மெருகிலிருந்து தொடங்க வேண்டும். பட்டைப் பட்டையாக நிறம் வந்தால் கழுவியது போதவில்லை என்று அர்த்தம்.

ஸ்ட்ராப் விஷயத்தில் நம் வெயிலுக்குத் தோல் வேண்டாம் என்பேன். வியர்வையை உறிஞ்சி உள்பக்கம் கறுத்து நாறும். எஃப்கேஎம் ரப்பர் அல்லது நைலான். ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கம்பியான ஸ்பிரிங் பாரை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள், அதன் குழலுக்குள் உப்பு சேர்ந்து உள் ஸ்பிரிங் துருப்பிடித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் வாட்ச் கையிலிருந்து விழும்போதுதான் தெரியும்.

மூடிய பிறகு

அழுத்தச் சோதனைக் கருவி இருந்தால் முதலில் மெஷின் இல்லாமல் வெறும் கேஸை மூடிச் சோதியுங்கள். தண்ணீருக்கு மேல் தொங்கவிட்டு 3 பார் காற்றழுத்தம் கொடுத்து ஐந்து நிமிடம், பிறகு தண்ணீரில் இறக்கி அழுத்தத்தை மெல்ல விடுங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழி வரிசையாக வந்தால் அங்கே ஓட்டை. உடனே தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டுத்தான் மீதி அழுத்தத்தை விட வேண்டும், இல்லாவிட்டால் காற்று வெளியேறிய வழியே தண்ணீர் உள்ளே போகும்.

கருவி இல்லாதவருக்கு ஒரு சோதனை உண்டு. வாட்சை 40, 45 டிகிரிக்கு இளஞ்சூடாக்கி, கண்ணாடியின் நடுவில் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு வையுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு உள்பக்கம் பாருங்கள். சொட்டு இருந்த இடத்தில் மூடுபனி இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, திறந்து உலர்த்தி ஏசி அறையில் மீண்டும் மூடுங்கள்.

கடல் தண்ணீரே உள்ளே போய்விட்டால் அரிசியில் புதைக்காதீர்கள். அரிசி உப்பை எடுக்காது, நேரம் மட்டும்தான் வீணாகும். அன்றைக்கே பின்மூடியைத் திறந்து, மெஷினை வெளியே எடுத்து, டயலும் முள்ளும் கழற்றி, விசையை இறக்கி, காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசுங்கள். உப்பு கரைவது தண்ணீரில் மட்டும்தான், நாப்தாவில் கரையாது. பிறகு ஆல்கஹாலில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஒரு முக்கு, உடனே இளஞ்சூட்டுக் காற்று. பிரித்துக் கழுவ அன்றைக்கு நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை, முழுதாக உலர்ந்த மெஷினைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்தால் சில நாள் தாங்கும். ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் ஹேர் ஸ்பிரிங்கில் துரு ஏறும், அதற்குப் பிறகு அந்த பேலன்ஸ் சரியான நேரம் காட்டாது.